எந்த பாயிண்ட், எந்த எம்சிபி?

கேள்வி: ஈரோட்டில் இரண்டு தளங்களில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்திவருகிறேன். சென்ற மாதம் மாடியில் ஒரு பிளக் பாயிண்ட்டை மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன் தவறான எம்சிபியை (ஒரு லைனின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிவிட்டதால், கீழே சர்வர் அணைந்து அன்றைய வேலை முழுவதும் நின்றுபோயிற்று. சுவரில் உள்ள சுமார் 40 மின் பாயிண்டுகளுக்கும் 24 நெட்வொர்க் பாயிண்டுகளுக்கும் லேபிள் ஒட்ட விரும்புகிறேன். “மேலாளர் அறை”, “ரிசப்ஷன்” என்று எழுதினால் போதுமா? பேனாவால் எழுதலாமா? – வாசகர், ஈரோடு.

பதில்: போதாது. இன்று மேலாளர் அமரும் அறை அடுத்த ஆண்டு கோப்பறையாக மாறலாம்; அப்போது உங்கள் லேபிள் பொய் சொல்லத் தொடங்கும். எம்சிபிகள் வரிசையாக உள்ள டிபி பெட்டிக்குள் ஒட்டும் பட்டியலில், அறையை அப்போதைக்குப் பயன்படுத்துபவரைச் சார்ந்த பெயர்கள் கூடாது என்று அமெரிக்க மின் விதித்தொகுப்பு தடுத்திருப்பதும் இதனால்தான். சுவரில் உள்ள லேபிள் சொல்ல வேண்டியது, அந்த வயரின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே. “டிபி 2 – 7” என்று ஒட்டினால், இரண்டாம் டிபியில் ஏழாவது எம்சிபி என்று புதிதாக வரும் எலெக்ட்ரீஷியனுக்கும் விளங்கும்.

ஒட்டுவதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? விடுமுறை நாளில், சர்வரையும் கணினிகளையும் முறைப்படி அணைத்த பிறகு, பாயிண்ட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரியவிட்டு, எம்சிபிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். எதை இறக்கும்போது விளக்கு அணைகிறதோ, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடத்தை நம்பி ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை, ஏனெனில் வேலை நடக்கும்போது செய்யப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் வரைபடத்துக்கு வந்து சேர்வதில்லை.

உங்களைப் போன்ற அலுவலகங்களில் நான் மிகவும் அஞ்சுவது ஒரே பெட்டிக்குள் ஈபி லைனும் யூபிஎஸ் லைனும் வருவதைத்தான். மெயினையே இறக்கினாலும் யூபிஎஸ் லைனில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் வைத்துள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். அத்தகைய பெட்டியில் இரண்டு மூலங்களையும் தனித்தனியே எழுதி, யூபிஎஸ் என்பதை எழுத்தாலேயே குறிப்பிடுங்கள். சிவப்பு நிறத்தை மட்டும் அடையாளமாக வைத்தால், த்ரீ ஃபேஸ் வயரிங்கில் சிவப்பு ஆர் ஃபேஸுக்கு உரியது என்பதால் குழப்பம் நேரும். லேபிள் எவ்வளவு சரியாக இருந்தாலும், வயரைத் தொடும் முன் டெஸ்டரால் சோதித்தே ஆக வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, மின்சாரம் உள்ள வேறொரு பாயிண்ட்டில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெட்வொர்க் பாயிண்டுகளுக்கு டிஐஏ-606 என்ற தர விதி வழிகாட்டுகிறது. அந்த முறையைத் தழுவி “1ஏ-பி12” என்று எழுதினால், முதல் தளம், நெட்வொர்க் கருவிகள் உள்ள ஏ என்னும் ரேக் அறை, சுவர் கேபிள்கள் வந்து முடியும் பி என்னும் பேட்ச் பேனல், அதில் 12ஆவது போர்ட் என்று பொருள். இதே பெயர் சுவர் பிளேட்டிலும், பேட்ச் பேனலிலும், கேபிளின் இரு முனைகளிலும் நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளும் இருக்கட்டும். நெட்வொர்க் சுவிட்சின் போர்ட் எண்ணைச் சுவரில் எழுதாதீர்கள். பேனலையும் சுவிட்சையும் இணைக்கும் குட்டி கேபிளான பேட்ச் கார்டை யாரும் எந்நாளும் பிடுங்கி வேறு போர்ட்டில் செருகலாம். ஆனால் சுவருக்குள் போன கேபிள் இடம் மாறாது. எந்த கேபிள் எங்கே போகிறது என்பதை, மறுமுனையில் தனித் துண்டு பொருத்தும் கேபிள் டெஸ்டர் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

பேனா எழுத்து கை பட்டும் துடைத்தும் அழிந்துவிடும். கடை ரசீது போன்ற தெர்மல் தாளும் நாளடைவில் வெளிறிவிடும். எழுத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் மூடிய டேப்பில் அச்சிடும் சிறிய லேபிள் பிரிண்டரை வாங்குவதே நல்லது. 64 பாயிண்டுகளுக்கு அந்தச் செலவு தகும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுவருக்கு பெயின்ட் அடிக்கும்போது எல்லா பிளேட்டுகளையும் கழற்றி ஒரே அட்டைப் பெட்டியில் போடுவார்கள். திரும்ப மாட்டும்போது அளவு பொருந்துவது எதுவோ அது அங்கே போய்விடும். லேபிள் ஒட்டியிருந்தும் ஒவ்வொன்றும் தவறான இடத்தைக் காட்டும் அந்த நிலை, லேபிளே இல்லாத நிலையைவிட ஆபத்தானது. ஆகவே மின்சாரத்தை நிறுத்தியபின், பிளேட்டுக்குப் பின்னாலுள்ள பெட்டியின் உட்சுவரிலும் அதே எண்ணை உங்கள் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பெர்மனென்ட் மார்க்கரால் எழுதச் செய்யுங்கள். அங்கே வெயிலும் படாது, கையும் படாது. பெயின்ட் வேலை முடிந்து பிளேட்டுகளைத் திரும்ப மாட்டும் நாளில் அவரையே வரவழைத்து, உள்ளே உள்ள எண்ணும் பிளேட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே திருகாணியை முடுக்கச் சொல்லுங்கள்.