சக்திவாய்ந்த ஃப்ரீரைடு ஸ்கீயை எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது?

கனடாவின் கால்கரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பாலக்காட்டுக்குத் திரும்பியிருப்பதாகவும், இனி ஆண்டுதோறும் பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க் போக எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உயரம் 178 செ.மீ., எடை 80 கிலோ, செங்குத்தான சரிவுகளில் வேகமாக ஓட்டிப் பழக்கம். இப்போது 118 மி.மீ. இடுப்பகலம் (பலகையின் நடுப்பகுதி அகலம்) கொண்ட, கிடைப்பவற்றுள் மிக வலுவான ஃப்ரீரைடு ஸ்கீயை, அதாவது சமன்செய்யாத இயற்கைப் பனிச் சரிவுகளில் ஓட்டும் பனிச்சறுக்குப் பலகையை, வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி. நான் வேலந்தாவளத்துக்காரன். ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் வேலை பார்த்த காலத்தில் குளிர்கால வார இறுதிகளை மலையிலேயே கழித்தேன். ஊர் திரும்பிய பிறகு எனக்கும் குல்மார்க்தான் மலை. ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 118 வேண்டாம். இடுப்பகலம் 104 முதல் 108 மி.மீ.க்குள், உள்ளே உலோகத் தகடு, ஒரு பலகையின் எடை ஏறத்தாழ 2,000 முதல் 2,200 கிராம், நீளம் 184 செ.மீ.க்கு அருகில். உங்களுக்குப் பொருந்துவது இந்த வகைதான்.

வலுவான ஸ்கீ எந்தப் பனிக்குத் தேவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். யாரும் கால் வைக்காத, ஆழமான புதுப்பனி பலகையின் வலிமையைச் சோதிப்பதே இல்லை. அங்கே எதிர்ப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக, மென்மையாக வருவதால், உலோகமே இல்லாத, எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் பலகைகூட அழகாக மிதக்கும். அட்டாமிக் பென்ட் வரிசைப் பலகைகள் ஆழ்ந்த பனியில் அவ்வளவு விரும்பப்படுவதற்கு அதுவே காரணம். வலிமை தேவைப்படுவது அதற்குப் பிறகு: பத்துப் பேர் ஓட்டிக் கலைத்த பனியில், காற்று அடித்து மேல்தோல் இறுகிய பனியில், பகல் வெயிலில் இளகி இரவில் மீண்டும் உறைந்த பனியில். அங்கே பலகையின் முனை நொடிக்கு நொடி வெவ்வேறு அடர்த்தியுள்ள கட்டிகளில் மோதுகிறது. எடையும் விறைப்பும் குறைந்த முனை ஒவ்வொரு மோதலிலும் பக்கவாட்டில் திரும்பிவிடும், அதிர்வு காலுக்கு ஏறும், ஓட்டுபவர் தன்னையறியாமல் வேகத்தைக் குறைப்பார். ஆடி மாதத்தில் கணவாய்க் காற்றில் வாளையார் சாலையில் காலி லாரி தள்ளாடுவதையும், பாரம் ஏற்றிய லாரி அசையாமல் தன் தடத்தில் போவதையும் நம் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. கலைந்த பனியில் இலேசான பலகைக்கும் கனத்த பலகைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

குல்மார்க்கை இந்தக் கண்ணோடு பாருங்கள். கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி வரையும், 2005இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரையும் செல்கின்றன. மேல் நிலையத்திலிருந்து இறங்கும் சரிவுகளில் எந்திரத்தால் சமன்செய்த தடம் கிடையாது, அனைத்தும் இயற்கையான பனி. மேற்கிலிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் இரண்டு மூன்று நாள் பனியைக் கொட்டிவிட்டுப் போன பின், வானம் தெளிந்த முதல் காலையில் மலை முழுவதும் புதிதாக இருக்கும். கேபிள் காரின் கீழே உள்ள பெரிய கிண்ண வடிவச் சரிவு அன்று நண்பகலுக்குள் கலைந்துவிடும், மறுநாள் முகடுகளின் மேல் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். ஒரு வாரம் தங்கினால் புதுப்பனியில் ஓட்டும் நேரத்தைவிட மற்றப் பனிகளில் ஓட்டும் நேரமே அதிகம். அந்த அதிக நேரத்துக்குத்தான் பணம் கொடுத்துப் பலகை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

118 மி.மீ. பலகை இங்கேதான் தோற்றுப்போகிறது. அகலம் கூடக் கூட, பனியைக் கடிக்கும் எஃகு விளிம்பு உங்கள் பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகிப் போகிறது. இறுகிய பனியில் பலகையைச் சாய்த்து நிறுத்தக் கணுக்காலும் முழங்காலும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். நாற்பது வயதைக் கடந்த முழங்கால்கள் இந்தக் கூடுதல் வேலையை மாலையில் நினைவூட்டாமல் விடுவதில்லை. 80 கிலோ எடையுள்ள நீங்கள் 184 செ.மீ. நீளத்தில் 106 மி.மீ. அகலப் பலகையின் மீது நின்றால், ஆழமான பனியிலும் மூழ்கிப்போக மாட்டீர்கள். நவீனப் பலகைகளின் முனை மேல்நோக்கி வளைந்திருப்பதால், மிதப்பதற்கு அகலத்தை மட்டும் நம்பிய காலம் கடந்துவிட்டது. 2002இல் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கியின் சிந்தனையில் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட ஸ்பாட்டுலா என்ற பலகை இந்தத் தலைகீழ் வளைவை உலகுக்குக் காட்டியது. இன்று கடைகளில் உள்ள ஃப்ரீரைடு பலகைகள் பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைகள்.

அடுத்தது உலோகம். டைட்டானல் என்பது உறுதிமிக்க ஓர் அலுமினியக் கலப்பு உலோகம். அரை மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய தகடாக, மர உள்ளீட்டின் மேலும் கீழும் ஒட்டப்படுகிறது. இரண்டு முழுத் தகடுகள் இருந்தால் பலகை முறுக்கத்துக்கு எளிதில் இடம் கொடுக்காது, வேகத்தில் அமைதியாக இருக்கும். காலுக்கடியில் மட்டும் தகடு வைத்து முனையையும் வாலையும் மென்மையாக விட்டிருந்தால், பிடிப்பு ஓரளவு கிடைக்கும், திருப்புவதும் எளிதாகும், ஆனால் முழு வேகத்தில் முனை துடிக்கும். உங்கள் ஓட்டத்துக்கு முழுத் தகடு அல்லது பெரும்பகுதி தகடு உள்ளதையே பரிந்துரைக்கிறேன்.

அதற்காகக் கிடைப்பவற்றுள் மிகக் கனமானதை எடுக்காதீர்கள். அபர்வத்தின் மேல் நிலையத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து விமானத்தில் போய், மறுநாளே அந்த உயரத்தில் நிற்கும் உடலுக்கு மூச்சு வாங்கும். காலையில் அற்புதமாக இருக்கும் 2,400 கிராம் பலகை, பிற்பகலில் கீழ்க்கட்டத்து ஊசியிலைக் காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே திருப்ப முடியாத பாரமாகிவிடும். சோர்ந்த காலில் வலுவான பலகை ஆபத்தானது, ஏனெனில் அது உங்களைக் கேட்காமல் நேராகப் போகும். இன்ஸ்புரூக்கில் என்னைவிட நன்றாக ஓட்டிய பலரும் அன்றாடப் பயன்பாட்டுக்கு நடுத்தர எடையையே வைத்திருந்தார்கள்.

இப்போது நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கணைக்கால் எலும்பால் ஸ்கீ காலணியான பூட்டின் நாக்கை அழுத்தி, பலகையின் முன்பகுதியை ஓட்டுபவரா, அல்லது நடுவில் நிமிர்ந்து நின்று வாலைச் சறுக்கித் திருப்பி விளையாடுபவரா? முதல் வகையினருக்கு பைண்டிங் (பூட்டைப் பலகையோடு பிணைக்கும் பிடி) பொருத்தும் புள்ளி பலகையின் மையத்திலிருந்து 8 முதல் 10 செ.மீ. பின்னால் இருக்கும், வால் அதிகம் வளையாத, விறைப்பான பலகை பொருந்தும். இரண்டாம் வகையினருக்கு அந்தப் புள்ளி 4 முதல் 6 செ.மீ. பின்னால் இருப்பதும், வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பதும் இனிமையாக இருக்கும். வலிமை, அகலம், எடை எல்லாம் சரியாக அமைந்தும் ஒரு பலகை பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையே காரணம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை என்றே நினைக்கிறேன். அப்படியானால் திருப்ப ஆரம் (பலகையின் பக்கவளைவு தானாக வரையும் வட்டத்தின் ஆரம்) 20 முதல் 25 மீட்டர் வரை உள்ளதைப் பாருங்கள். அதற்குக் குறைந்தால் வேகத்தில் பலகை தானாகத் திரும்ப முயலும்.

நீளத்தில் தயக்கம் வேண்டாம். முனையும் வாலும் வளைந்திருக்கும் பலகையில், இறுகிய பனியைத் தொடும் விளிம்பு எழுதியிருக்கும் நீளத்தைவிடக் குறைவு. உங்கள் உயரத்துக்கு மேல் 5 முதல் 8 செ.மீ. வரை சரியான அளவு. நிறுவனத்துக்கு நிறுவனம் அளக்கும் முறை வேறுபடுவதால், ஒரே எண் எழுதிய இரு பலகைகள் ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசப்படலாம். நேரில் நிறுத்தி அளந்து பார்ப்பது நல்லது.

பெயர்களையும் கேட்டிருந்தீர்கள். வோல்க்ல் கட்டானா 108, பிலிஸார்டு கோச்சீஸ் 106, நார்டிகா என்ஃபோர்சர் 104 ஆகிய மூன்றும் நான் சொன்ன எல்லைக்குள் வருபவை, மூன்றிலும் உலோகம் உண்டு. கோச்சீஸ் இவற்றுள் ஓட்டுபவரிடம் அதிகம் எதிர்பார்ப்பது, என்ஃபோர்சர் அதிகம் மன்னிப்பது. பிளாக் குரோஸ் கோர்வஸும் பார்க்கத்தக்கது. ஹெட் கோர் வரிசை எடை குறைந்தது, நடந்து ஏறுபவர்களுக்கு நல்லது, உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வாக இராது. பருவத்துக்குப் பருவம் உள்ளமைப்பை மாற்றுகிறார்கள் என்பதால், வாங்கும் ஆண்டின் விவரத்தைப் பாருங்கள். முந்தைய பருவத்தின் பலகை வண்ணம் மட்டும் மாறிப் பாதி விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

பூட் தளர்வாக இருந்தால் மேலே சொன்ன அனைத்தும் வீண். உலோகத் தகடுள்ள பலகையை வளைக்கும் விசை பூட்டின் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் எடைக்கு 120 அல்லது 130 ஃப்ளெக்ஸ் (பூட்டின் விறைப்பைக் குறிக்கும் எண்), குதிகால் எழாத இறுக்கம். பழைய பூட்டின் உள்ளுறை நைந்திருந்தால் பலகைக்கு முன்பு அதற்குச் செலவிடுங்கள். பைண்டிங்கைப் பொறுத்தவரை, கழலும் விசையின் எண்ணை 13 அல்லது 15 வரை அமைக்கக்கூடிய லுக் பிவட், மார்க்கர் கிரிஃபன் போன்றவை போதும். எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், ஓட்டும் விதம் ஆகியவற்றைக் கொண்டு ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தர அட்டவணை எந்த எண்ணைச் சொல்கிறதோ அந்த எண்ணிலேயே வையுங்கள். கௌரவத்துக்காக ஏற்றி வைத்த எண்ணால் கழன்றிருக்க வேண்டிய பலகை கழலாமல் முழங்கால் தசைநார் கிழியும். 2018இல் வந்த ஷிஃப்ட் போன்ற இருபயன் பைண்டிங்குகள் மேலேறி நடப்பவர்களுக்கு உதவும். குல்மார்க்கில் பக்கவாட்டில் சற்றுத் தூரம் நடந்து அடுத்த சரிவை எடுப்பதோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால் சாதாரண ஆல்பைன் பைண்டிங்கே உறுதியானது.

வலுவான பலகை ஓட்டுபவரைப் பெரிய சரிவுகளுக்கு அழைத்துச் செல்லும் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் குல்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுப் பனிச்சறுக்காளர்கள் உயிரிழந்தார்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர், மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் உங்களிடமும் உடன் வருபவரிடமும் இருக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கிண்ணத்துக்கு வெளியே போகாதீர்கள். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவு எதுவும் புதுப்பனிக்குப் பின் சந்தேகத்துக்குரியதே.

இனி நம் ஊர் சார்ந்த இரண்டு செய்திகள். கால்கரியிலிருந்து நண்பர் யாராவது பலகையைக் கொண்டுவருவதாக இருந்தால், உங்கள் பூட்டின் அடிநீளத்தைச் சொல்லி அங்கேயே துளையிட்டுப் பைண்டிங்கைப் பொருத்தச் செய்யுங்கள். பாலக்காட்டிலோ கோவையிலோ அதைச் செய்யத் தெரிந்த கடையை நான் பார்த்ததில்லை. பலகை, பைண்டிங், பை மூன்றும் சேர்ந்தே பத்துக் கிலோவை நெருங்கும். உள்நாட்டு விமானங்களில் சாதாரணக் கட்டணத்துக்குப் பொதுவாகப் பதினைந்து கிலோதான் என்பதால், பூட்டை முதுகுப்பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்வது வழக்கம்.

மற்றொன்று, மழைக்காலம். ஜூனில் தொடங்கும் நம் ஈரம் எஃகு விளிம்புகளை ஒரே பருவத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும். மார்ச்சில் ஊருக்கு வந்ததும் பலகையை நன்றாக உலர்த்தி, அடிப்பரப்பில் கல் கிழித்த இடங்களை அடைத்து, விளிம்பையும் மூடும்படி மெழுகைத் தடிமனாக உருக்கிப் பூசி, சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பயணப்பைக்குள் மூடி வைக்காமல், வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழும் வைக்காமல், வீட்டின் உலர்ந்த உள்ளறைச் சுவரில் இரண்டையும் தனித்தனியே சாய்த்து வையுங்கள். அடுத்த பிப்ரவரியில் புறப்படுவதற்கு முன் மெழுகைச் சுரண்டி, அங்கே உள்ள குளிருக்கு ஏற்ற கடினமான மெழுகைப் பூசிக்கொள்ளலாம்.