எந்த ஆப் போட்டால் என் வேலை முடியும்?

கேள்வி: எனக்கு வயது 33. நான்கு வருடமாக வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன். கணவர் காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் எங்களோடு இருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு. அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய சார்ட் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) கணக்கு மாலை ஆறு மணிக்குள் முடிவதே இல்லை, இரவு பதினொன்று வரை இழுக்கிறது. நேரத்தை ஒழுங்குபடுத்தலாம் என்று டூடூயிஸ்ட், நோஷன், மரம் வளர்க்கும் டைமர் ஆப் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு வாரம்தான். வேலைப் பட்டியலைப் பார்க்கப் போனை எடுத்தால் இன்ஸ்டாகிராமில் போய் நிற்கிறேன். ஆரி வேலை ரீல்ஸ் ஓட ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியவில்லை. ஒரு மணிக்குப் படுக்கும்போது என் மேலேயே வெறுப்பு வருகிறது. "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை. எந்த ஆப் நல்லது? இல்லை, இன்ஸ்டாகிராமை அடியோடு எடுத்துவிடவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: அன்புத் தோழி,

"பட்டியலைப் பார்க்கப் போனை எடுத்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கலின் பாதி அதில் இருக்கிறது. இன்று செய்ய வேண்டியது என்ன என்று சொல்லும் பொருளும், அதைச் செய்யவிடாமல் இழுக்கும் பொருளும் ஒன்றாக இருக்கின்றன. பள்ளி வாட்ஸ்அப் குழு, சிலிண்டர் ஓடிபி, அலுவலக லாகினுக்கான எண், ஆரி ரீல்ஸ் எல்லாம் அதே கண்ணாடிக்குள். நல்ல ஆப் ஒன்றை நான் சொன்னாலும் நீங்கள் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் ஆப் எதையும் சொல்லப்போவதில்லை. மகளின் பழைய நோட்டில் மீந்த தாள்கள் இருக்கும். இரவு படுக்கும் முன் மறுநாள் வேலை மூன்றை அதில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வையுங்கள். மூன்று போதும்.

2020 ஊரடங்கில் என் வேலையும் வீட்டுக்கு வந்தது. முதல் சில மாதங்கள் நானும் பட்டியலை வண்ணம் பிரித்து அடுக்கி வைப்பதையே வேலை என்று நம்பினேன். அடுக்கி முடித்ததும் ஏதோ செய்துவிட்ட நிறைவு வரும். அந்த நிறைவு உண்மையான வேலைக்கான வேகத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்கும் ஒவ்வொரு ஆப்பும் ஒரு வாரம் தாங்கியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

இனி உங்கள் வேலையைப் பற்றி. மெடிக்கல் கோடிங் பாதியில் எழுந்து போகக்கூடிய வேலை இல்லை. அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய குறிப்பை முதலிலிருந்து படித்து, நோய்க்கு ஐசிடி குறியீடும் சிகிச்சைக்கு சிபிடி குறியீடும் போட வேண்டும். மூட்டுத் தேய்மானம் வலது முழங்காலிலா இடது முழங்காலிலா என்பதற்கே கடைசி எண் மாறும். அது தவறினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்து பில்லைத் திருப்பி அனுப்பும், ஆடிட்டில் உங்கள் பெயரில் பிழை ஏறும். சார்ட்டின் நடுவில் "கீரைக்காரம்மா வந்திருக்கா, என்ன வாங்க?" என்று குரல் வந்தால் போவது கீரை வாங்கும் இரண்டு நிமிடம் மட்டும் அல்ல. திரும்பி வந்து அந்த சார்ட்டை மேலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கிறது என்று ஒரே ஒரு நாள் அதே தாளில் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். கீரைக்கு ஒரு கோடு, போனுக்கு ஒரு கோடு, குக்கர் விசிலுக்கு ஒரு கோடு. ஆறு மணிக்கு முடிய வேண்டியது பதினொன்றுக்கு ஏன் போகிறது என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் 'கவன எச்சம்' எனலாம். முற்றுப் பெறாமல் நிற்கும் வினையை நம் இலக்கணமும் எச்சம் என்றுதானே சொல்கிறது! 'படித்து', 'எழுந்து', 'திறந்து' என்று முடியாத வினைகளாகவே உங்கள் பகல் போகிறது.

ஆகவே உங்களுக்கு வேண்டியது வெட்டுப்படாத ஒரு நீளமான நேரம். நாள் முழுவதும் கிடைக்காது, அதற்கு முயற்சி செய்தால் தோற்றுப்போவீர்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையல் முடித்த பிறகு, பத்திலிருந்து பன்னிரண்டரை வரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டரை மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும், லேப்டாப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பது போதாது. பள்ளியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டால் என்ன செய்வது என்ற பயம் எந்த அம்மாவுக்கும் உண்டு. 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுவிட்டு, பள்ளி எண்ணையும் கணவர் எண்ணையும் மட்டும் அதில் விதிவிலக்காகச் சேர்த்து, மணிச் சத்தத்தை முழுதாக வையுங்கள். அவர்கள் அழைத்தால் மட்டும் ஒலிக்கும். பள்ளிக் குழுவை மியூட் செய்யலாம். வீட்டுப்பாடத்தை ஒரு மணிக்குப் பார்த்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். டீம் லீடிடமும் இந்த நேரத்தைச் சொல்லி வையுங்கள். சார்ட் எண்ணிக்கை கூடினால் அவருக்கும் நல்லதுதான்.

நேரம் குறிக்க டைமர் வேண்டுமென்றால் முறுக்கிவிடும் சமையலறைக் கடிகாரம் ஒன்று வாங்குங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறை அப்படிப்பட்ட கடிகாரத்தில்தான் பிறந்தது. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்தார். இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமொடோரோ என்று பெயர். உங்களுக்கு 25 நிமிடம் என்ற கணக்கு ஒத்துவராமல் போகலாம். மூன்று சார்ட் முடிந்ததும் எழுவது என்று வைத்துக்கொள்ளுங்கள், சார்ட்டின் நடுவில் மணி அடிக்காது.

அப்புறம், எந்தப் போன் செட்டிங்காலும் மியூட் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. வீட்டின் எதிர்பார்ப்பு. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். நீங்கள் அந்த ஐந்து மணி நேரத்தோடு எட்டு மணி நேர வேலையையும் ஒரே வீட்டுக்குள் பார்க்கிறீர்கள். உங்களுக்கு ஒழுங்கு இல்லை என்று யார் சொன்னாலும், நீங்களே சொன்னாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"வீட்டில்தானே இருக்கிறாய்" என்பதற்கு வாக்குவாதம் பதிலாகாது. அத்தையிடம் ஒரு மாலை காபி குடிக்கும்போது, அந்தக் கோடு போட்ட தாளையும் உங்கள் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். "அத்தை, பத்திலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் நான் ஆபீஸில் இருக்கிறதா நினைச்சுக்கோங்க. கீரை, பார்சல், யார் வந்தாலும் நீங்க பாத்துக்கோங்க. பன்னிரண்டரைக்கு நானே வந்து சேர்ந்து சாப்பிடுறேன்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லாமல் எப்போது வருவீர்கள் என்பதையும் சொல்வது முக்கியம். பகல் முழுக்கக் கதவுக்கு வெளியே தனியாக இருக்கும் பெரியவருக்கும் ஒரு பேச்சுத் துணை வேண்டும். சொன்ன நேரத்துக்கு எழுந்து போவீர்கள் என்று தெரிந்தால் இடையில் கூப்பிடுவது தானாகக் குறையும். கணவரிடம் பொதுவாக "உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். சிலிண்டர் புக் செய்வது, பள்ளிக் குழுவைப் படிப்பது, இரவு மகளைத் தூங்கவைப்பது என்று மூன்று வேலைகளை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு வருகிறேன். கணக்கை அழிக்க வேண்டாம். போனிலிருந்து ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு, பார்க்க வேண்டும்போது பிரவுசரில் பாருங்கள், முடிந்ததும் லாக் அவுட் செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் போட வேண்டியிருந்தால் கை தானாகப் போகாது. கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் அந்த அமைப்பை 2006-ல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். உங்கள் விரல் நிற்காதது உங்கள் பலவீனம் மட்டும் அல்ல.

ஆனால் ராத்திரி ஒரு மணி வரை பார்ப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரும் உங்களிடம் எதுவும் கேட்காத ஒரே நேரம் அதுதான். அதையும் பிடுங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு மணி நேரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். காலை இரண்டரை மணி நேரம் கைக்கு வந்துவிட்டால் மாலை ஆறிலிருந்து ஏழு வரை உங்களுக்கே உங்களுக்கு என்று எடுக்க முடியும். அந்த நேரத்தில் மகளுக்கு அவள் அப்பா இருக்கட்டும்.

இத்தனை ரீல்ஸில் நீங்கள் தேடித் தேடிப் பார்ப்பது ஆரி வேலையை. ஒரு ஃபிரேம், ஊசி, நூல் வாங்கி, துணியை இறுக்கிக் கட்டிச் சங்கிலித் தையலில் ஆரம்பியுங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது போனைத் தொட முடியாது. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதோடு, முதலில் என்ன பூ போட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.