கைப்பேசிக்கு வரும் பாடமும் மாலை வகுப்புத் தன்னார்வலரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். பயிற்சி முழுவதும் வாட்ஸ்அப் குழுவில் காணொளிகளாகவே வருகிறது. வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் பகலில் கணவருடன் வேலைக்குப் போய்விடும். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க இயலவில்லை. என் ஈடுபாடு போதவில்லையோ என்று வருத்தமாக இருக்கிறது.
– தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வருந்த வேண்டியவர் நீங்கள் அல்லர், சகோதரி. உங்களிடம் என்ன கருவி இருக்கிறது, அது எந்த நேரத்தில் கைக்கு வரும் என்பதைக் கேட்டறியாமல் பயிற்சியை வகுத்ததுதான் குறை. 2021 அக்டோபர் 27 அன்று உங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் மாலை வகுப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது, தொடக்க வகுப்புகளுக்கான தன்னார்வலர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றிருந்தால் போதும் என்றும், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தரப்படும் என்றும் அறிவித்தார்கள். ஆசிரியர் பயிற்சி பெறாத ஒருவரிடம் ஐந்து வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் கற்பிக்கும் கடினமான பணியை ஒப்படைக்கும்போது, அவரையும் ஒரு மாணவராகக் கருதி அவருக்குரிய பாடத்தை அளவோடு கொடுப்பதுதான் முறை. அந்த ஆயிரத்திலிருந்து ரீசார்ஜுக்கும் அவரே செலவழிக்க நேர்கிறது என்பதையும் காணொளி அனுப்புகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் கேளுங்கள். வாரத்திற்கு ஒரு பொருள் போதும். அதை மூன்று நிமிடத்திற்கு மிகாத குரல் பதிவாக அனுப்பட்டும். அதனுடன், அன்று மாலையே வகுப்பில் செய்து பார்க்கத்தக்க ஒரு செயல்பாடு நான்கைந்து வரிகளில் எழுத்தாக வரட்டும். காணொளியைப் பார்க்கக் கண்ணும் கையும் ஓய்வாக இருக்க வேண்டும். குரலையோ அடுப்படியில் நின்றபடியும் கேட்கலாம், டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும். தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற தொண்டு நிறுவனம் காமன்வெல்த் கற்றல் அமைப்பின் துணையுடன், ஆடு வளர்க்கும் பெண்களுக்குச் சாதாரணக் கைப்பேசிகளில் குரல் வழியாகவே பாடம் நடத்தியது. அது பயனளித்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டுமன்று. கேட்டதை அப்பெண்கள் தங்கள் சுயஉதவிக் குழுவில் பேசிப் பார்க்க வழி இருந்தது. நீங்களும் பக்கத்து ஊர்த் தன்னார்வலர் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து, கேட்ட பாடத்தை வகுப்பில் நடத்தியபோது எங்கே தடுமாறினோம் என்று வாரம் ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள். நூறு பேர் உள்ள குழுவில் வணக்கமும் வாழ்த்தும் நிறைந்துவிடுவதால், கேட்க வேண்டிய ஐயத்தை யாரும் கேட்பதில்லை.

கேள்வி: கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, பாடநூலில் கியூஆர் குறியீடு இருக்கிறது, தேர்ந்த ஆசிரியர்களே பாடம் நடத்துகிறார்கள். அப்படியிருக்க, பயிற்சி இல்லாத தன்னார்வலர் எதற்கு?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒலிபரப்பும் ஒளிபரப்பும் தாமாகவே கற்பித்துவிட்டதாக உலகில் எங்கும் அனுபவம் இல்லை. கொலம்பியாவின் மலைப்பகுதியில் உள்ள சுத்தாத்தென்சா என்னும் சிற்றூரில் 1947இல் சால்செதோ என்ற இளம் பாதிரியார் எழுத்தறியாத உழவர்களுக்காக வானொலிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் உயிர்நாடி ஒலிபரப்பி அன்று. ஒவ்வொரு சிற்றூரிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அண்டைவீட்டாரை வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்காரவைத்து, வானொலி சொல்லும் எழுத்தைப் பலகையில் எழுதிக் காட்டி, பிழையாக எழுதியவரின் கையைப் பிடித்துத் திருத்தினார். அவருக்குப் பட்டமும் இல்லை, ஆசிரியர் என்ற பெயரும் இல்லை. உடனிருந்து உதவுபவர் என்றே அழைக்கப்பட்டார். அச்சிட்ட எளிய கைநூல்களும் வானொலியோடு சேர்ந்தே அவர்களுக்குக் கிடைத்தன.

நம் நாட்டிலும் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இடம்பெறவில்லை என்பதால் இங்கே அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளோடு நிறுத்தாமல், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் 12 நாள் பயிற்சியையும் அதே வழியில் அளித்தார்கள்; தொலைக்காட்சி, வானொலி, அச்சுக் குறிப்பு, கையால் செய்து பார்க்கும் சோதனை ஆகிய அனைத்தும் அதில் இணைந்திருந்தன. திரையில் தோன்றும் ஆசிரியர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும், கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாமல் ஒரு பிள்ளை விரலை மடக்கிக்கொண்டு விழிப்பதை அவரால் காண முடியாது. அதைக் காண்பவர் பக்கத்தில் இருக்கும் அந்தத் தன்னார்வலர்தான். பயிற்சி இல்லை என்பது அவரை விலக்குவதற்குக் காரணம் ஆகாது. பயிற்சி கொடுப்பதற்கே காரணம் ஆகும். தங்களைப் போன்ற அனுபவம் மிக்கவர்கள் மாதம் ஒரு மாலை அந்த வகுப்பில் போய் அமர்ந்தால், எந்தச் செயலியும் தர முடியாத துணை அவருக்குக் கிடைக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கேள்வி: மலையூரில் இணைய இணைப்பு வருவதே அரிது. இணையமின்றிப் பயன்படுத்தத் தமிழில் என்ன கிடைக்கும்?
– நூலகத் தன்னார்வலர், நீலகிரி மாவட்டம்

பதில்: சிறுவர் நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் வாசிப்பு நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் உள்ளன. அவை திறந்த உரிமத்தில் வெளியாவதால் பதிவிறக்கவும் அச்சிடவும் தடை இல்லை. தமிழ் விக்கிப்பீடியாவைக் 'கிவிக்ஸ்' செயலி வழியாக ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் வேண்டாம். நகரத்திற்கு வரும் நாளில் மெமரி கார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளுக்குத் திரையைவிட அச்சிட்ட கதைத்தாளே நல்லது.

கேள்வி: வகுப்பு நடந்ததற்குச் சான்றாகப் பிள்ளைகளின் படத்தைத் தினமும் குழுவில் பதிவிடச் சொல்கிறார்கள். சரியா?
– தன்னார்வலர், மதுரை மாவட்டம்

பதில்: சரியன்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, யார் யாரோ இருக்கும் குழுவில் பிள்ளையின் முகமும் ஊரும் நேரமும் ஒன்றாகப் பதிவாவது பாதுகாப்பானதன்று. வருகைப் பதிவேட்டின் பக்கத்தையோ, பெயர் தெரியாமல் மடித்துவைத்த பயிற்சி ஏட்டையோ படமெடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு மட்டும் அனுப்புங்கள். ஏட்டின் படம் வகுப்பு நடந்ததைக் காட்டுவதோடு, பிள்ளை எங்கே பிழை செய்கிறது என்பதையும் அவருக்குக் காட்டும். அடுத்த வாரம் உங்களுக்கு எந்தப் பாடத்தை அனுப்ப வேண்டும் என்பதை அவர் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.