ஆர்டர் கைக்கு வரும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். டர்பன் உயர் நீதிமன்றத்தில் எங்கள் விவாகரத்து வழக்கின் ஹியரிங் முடிந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பையன் அம்மாவிடம் இருக்கட்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறும், புதன்கிழமை மாலையும் அப்பாவிடம் போகட்டும் என்று ஜட்ஜ் சொன்னார். தீர்ப்பைத் தள்ளி வைத்திருப்பதாக வக்கீல் சொல்கிறார். "பேப்பர் வரட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள் அந்தப் பக்கம். பள்ளி யூனிஃபார்ம் இன்னொரு செட் வாங்கி, அயர்ன் பண்ணி, என் அலமாரியில் மாட்டி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறான். பள்ளி வாசலில் நின்று கூட்டி வந்துவிடலாமா? டிசம்பர் லீவில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய் என் அம்மாவிடம் காட்ட வேண்டும் என்றும் ஆசை.

*

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி வாசலுக்குப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வக்கீல் இல்லை. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் படித்தபோது உங்கள் கடிதத்தில் ஒரு இடம் இடித்தது. ஜட்ஜ் சொன்னார் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே தீர்ப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஜட்ஜ் திறந்த நீதிமன்றத்தில் உத்தரவாகவே வாசித்திருந்தால் அது அந்த நிமிடத்திலிருந்தே உத்தரவு. டைப் அடித்து ரெஜிஸ்ட்ரார் முத்திரை குத்துவது பிறகு நடக்கும் வேலை. யாராவது அப்பீலுக்குப் போனால் கதை வேறு. அப்படி இல்லையென்றால் "பேப்பர் வரட்டும்" என்பது சாக்கு.

ஆனால் விசாரணையின் நடுவே ஜட்ஜ், "இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது" என்று சொன்னதைத்தான் நீங்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். வராந்தாவுக்கு வந்ததும் ஆளுக்கொரு தீர்ப்போடு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கிறது என்றால் புதன்கிழமையும் சனிக்கிழமையும் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. முன்பு உயர் நீதிமன்ற விதி 43-ன் கீழ், வழக்கு முடியும் வரைக்கான இடைக்கால உத்தரவு வாங்கியிருந்தால் அதுதான் இப்போதைக்குச் செல்லும். அன்று என்ன பதிவாயிற்று என்று வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? கடைசி ஹியரிங்கிலிருந்து 3 மாதத்துக்குள் தீர்ப்பு சொல்ல முயல வேண்டும் என்று 2014-இல் தலைமை நீதிபதி வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. அது தாண்டினால் எங்கே எழுதிக் கேட்பது என்று வக்கீலுக்குத் தெரியும். நீங்களே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் போய்ச் சத்தம் போட்டு ஆகப்போவது எதுவும் இல்லை.

உத்தரவு இருந்தும் பிள்ளையைக் காட்ட மறுப்பது 2005-ஆம் வருடக் குழந்தைகள் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் குற்றம். அபராதமோ ஒரு வருடம் வரை சிறையோ கிடைக்கலாம். எடுத்த எடுப்பில் அதைத் தூக்காதீர்கள். அவன் அம்மாவை போலீஸில் மாட்டிவிட்டால் அவன் உங்கள் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டா வருவான்? முதலில் உங்கள் வக்கீல் அந்தப் பக்கத்து வக்கீலுக்கு ஒரு கடிதம் போடட்டும்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். "அம்மா என்ன சொன்னாள்?" தம்பி, அதை இன்றே நிறுத்துங்கள். விவரம் தெரிந்த பிள்ளையின் பேச்சையும் கேட்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. விவாகரத்தில் பிள்ளையின் நலனைப் பார்க்கும் அரசு வக்கீலான ஃபேமிலி அட்வகேட்டின் அலுவலகத்தில் அவனை உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள். பாட்டி கேட்டிருப்பாள், மாமா கேட்டிருப்பார். இனி அவனைக் கேட்காத பெரியவர் ஒருவர்கூட மிச்சமில்லை. நீங்களாவது கேட்காமல் இருங்கள். கிரிக்கெட் பேசுங்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று பேசுங்கள். இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாலும் பரவாயில்லை, புதன்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். யூனிஃபார்ம் வாங்கி வைத்தது நல்ல வேலை. அதைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பாதீர்கள், "எப்போது வருவாய்?" என்று கேட்பது போல ஆகிவிடும்.

தஞ்சாவூர் விஷயம். பிள்ளை இந்த நாட்டை விட்டு வெளியே போக இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவும் அதே கதைதான். அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவு. பிள்ளை யாரிடம் இருக்கிறான் என்று வரும் ஆர்டர் மட்டும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது. அவன் அம்மா மறுத்தால் நீதிமன்றத்தில் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருக்கும். அதனால் புறப்படும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் விலாசம் எல்லாம் எழுதி, வக்கீல் வழியாக இப்போதே சம்மதம் கேளுங்கள். தினமும் அம்மாவோடு வீடியோவில் பேச வைக்கிறேன் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். கையெழுத்து வந்த பிறகு டிக்கெட் போட்டால் போதும்.