புகையிலைக்கு அடிமையாவது பற்றிய எச்சரிக்கைகளைப் பதின்வயதினர் உண்மையில் நம்புகிறார்களா?

நம்புகிறார்கள், ஆனால் அது தங்களைப் பற்றியது என்று நம்புவதில்லை. மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இந்த வயதுப் பிள்ளைகளோடு நாள்தோறும் பேசிவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

புகைத்தால் புற்றுநோய் வரும் என்பதை எந்த மாணவனும் மறுத்து நான் கேட்டதில்லை. இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் சிகரெட் பெட்டியின் இரு பக்கங்களிலும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அது பேசுவது பெரும்பாலும் புற்றுநோயையும் மரணத்தையும் பற்றி. அவையெல்லாம் ஐம்பது வயதுக்காரர்களின் கவலை என்றும், அதற்குள் விட்டுவிடலாம் என்றும் 16 வயதுப் பையன் கணக்குப் போடுகிறான். விட முடியாமல் போகும் என்பதை மட்டும் அவன் ஏற்காததால், நோயைப் பற்றி அவன் நம்புவதும் பயனற்றுப் போகிறது.

"நெனச்சா நாளைக்கே விட்டுடுவேன் சார்" என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் சொன்னபோது, அவன் பொய் சொல்லவில்லை. பேச்சுவாக்கில், ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருந்தால் காரணமில்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுவதாகவும் அவனே சொன்னான். அந்த இரண்டையும் அவன் சேர்த்துப் பார்த்ததே இல்லை. புகையை இழுத்த சில விநாடிகளில், புகையிலையில் உள்ள போதைப்பொருளான நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. வளரும் மூளை அதற்கு எளிதில் பழகிவிடுவதால், தினமும் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஏக்கமும் எரிச்சலும் தலைகாட்டக்கூடும். அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1994 அறிக்கையும் இதே தப்புக்கணக்கைப் பதிவு செய்கிறது: தினமும் புகைத்த பள்ளி இறுதியாண்டு மாணவர்களில் மிகச் சிலரே ஐந்து ஆண்டுகள் கழித்தும் நிச்சயம் புகைப்போம் என்று நினைத்தார்கள், பின்னாளில் பெரும்பாலோர் புகைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே "அடிமையாவாய்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, காலையில் எழுந்ததும் எதை நினைக்கிறாய், கையில் காசில்லாத நாளில் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பது எடுபடுகிறது. விட முயன்று தோற்ற கல்லூரி அண்ணன் ஒருவர் சொல்வதை, உலகப் புகையிலை ஒழிப்பு நாளான மே 31 அன்று நாங்கள் நடத்தும் ஊர்வலத்தைவிட அதிகமாக நம்புகிறார்கள். வீட்டில் அப்பாவே பீடி பிடிப்பவராக இருந்தால் ஆசிரியர் சொல்லுக்கு மதிப்பு இன்னும் குறைகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் பெட்டிக்கடைக்காரர் ஒற்றைச் சிகரெட்டை உருவிக் கொடுக்கிறார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு பையன் நகர்ந்துவிடுகிறான். பெட்டி அவன் கைக்கு வருவதே இல்லை. கனடா 2023இல் ஒவ்வொரு சிகரெட்டின் மீதும் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதித்தது. சில்லறையாக வாங்கும் பிள்ளைகள் உள்ள நம் நாட்டுக்குத்தான் அது இன்னும் அவசரமாகத் தேவை. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் பெட்டியின் மீதுதான் அச்சாகிறது என்பதால், ஆசிரியர்களும் பெற்றோரும் அதை நேரடியாகவே பிள்ளைகளிடம் எழுதிக் கொடுங்கள்.