கடை கம்ப்யூட்டரை யார் திறந்தது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்காக இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். சாவி மச்சினனிடம் இருந்தது. வந்து பார்த்தால், அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்கை யாராவது பார்த்திருப்பார்களா?

பதில்: மச்சினனிடம் கேட்பதற்கு முன் கரண்டைச் சந்தேகப்படுங்கள். இடவப்பாதி மழை, ஐப்பசி மழை இரண்டும் பெய்கிற நம்ம மாவட்டத்தில் கரண்ட் போவதும் வருவதும் புதிதல்ல. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி பல டெஸ்க்டாப்களின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்) ஒரு வசதி உண்டு. அது போட்டிருந்தால், நீங்கள் முறைப்படி அணைத்த கம்ப்யூட்டரும் ஆள் இல்லாமலே எழுந்துவிடும்.

அதனால் முதல் கேள்வி: வந்து பார்த்தபோது திரையில் என்ன இருந்தது? பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் மட்டும் நின்றிருந்தால் அநேகமாகக் கரண்ட் வேலைதான். உள்ளே திறந்து டெஸ்க்டாப் தெரிந்தால் மேலே தேட வேண்டும். (பாஸ்வேர்டே வைக்காதவர் என்றால் இந்த வித்தியாசம் உதவாது.)

ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள். கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் பதிவாகும் இடம் அது. அங்கே 'விண்டோஸ் லாக்ஸ்' (லாக் என்றால் பதிவேடு) என்பதற்குள் 'சிஸ்டம்'. அதில் 'ஈவென்ட் ஐடி' எண் 6005 என்றால் பதிவு தொடங்கியது, 6006 என்றால் முறைப்படி நின்றது, 6008 என்றால் அதற்கு முன் திடீரென அணைந்தது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' (சீக்கிரம் ஆன் ஆக விண்டோஸ் செய்யும் ஏற்பாடு) இயங்கும் கம்ப்யூட்டரில் 6005 வராமலும் போகலாம். அப்போது 'கெர்னல் பூட்' என்ற பெயரோடு வரும் 27-ஐப் பாருங்கள்.

இது எப்போது ஆன் ஆனது என்று மட்டும்தான் காட்டும். ஆள் நுழைந்தாரா என்பது 'செக்யூரிட்டி' லாகில், 4624 என்ற எண்ணுள்ள பதிவுகளில் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். பெரும்பாலானவை விண்டோஸ் தனக்குத் தானே நுழைந்தவை. அவற்றில் 'லாகான் டைப்' (நுழைந்த விதம்) 5 என்றிருக்கும். நமக்கு வேண்டியது 2 (நேரில் உட்கார்ந்து நுழைவது), 7 (பூட்டிய திரையைத் திறப்பது), 11 (கம்ப்யூட்டரில் சேமித்திருந்த பாஸ்வேர்ட் விவரத்தை வைத்து நேரில் நுழைவது). ஆனால் 2-லும் ஒரு வில்லங்கம்: கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டிடபிள்யூஎம், யூஎம்எஃப்டி என்ற விண்டோஸின் சொந்தப் பெயர்களில் சில பதிவுகள் விழும். அவற்றைத் தள்ளிவிட்டு, உங்கள் யூசர் கணக்கின் பெயர் உள்ள வரி நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாஸ்வேர்ட் வைத்த கம்ப்யூட்டரில் அப்படி இருந்தால் அநேகமாக யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கு ஃபைல்களின் 'டேட் மாடிஃபைட்' (கடைசியாக மாற்றிய) நேரத்தையும் ஒப்பிடுங்கள். திறந்து பார்த்து மட்டும் மூடியிருந்தால் அது மாறாது. பிரவுசர் ஹிஸ்டரி சுத்தமாக இருப்பதை நம்பாதீர்கள், இன்காக்னிட்டோவில் (ஹிஸ்டரி சேமிக்காத பிரவுசர் முறை) பார்த்தால் அதில் தடம் விழாது.

இன்றே பாருங்கள். லாக் நிறைந்ததும் பழைய பதிவுகள் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும்.

ஆனால் ஒரே பாஸ்வேர்ட் வீட்டிலும் கடையிலும் நாலு பேருக்குத் தெரியும் என்றால், எந்த லாகும் ஆளைக் காட்டாது. கடையில் வேலை பார்ப்பவருக்குத் தனி யூசர் கணக்கு போட்டுக் கொடுங்கள், உங்களுடைய பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிரவுசரில் பேங்க் பாஸ்வேர்ட் சேமித்திருந்தால் அதையும் மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம், போனில் மாற்றுங்கள்.