எஸ்க்ரோ எகிறிடுச்சா, ஃபோர்க்ளோஷர் (வீடு ஏலம்) லெட்டர் வந்துடுச்சா? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

அமெரிக்காவுல ஒரு மார்ட்கேஜ் சர்வீசிங் கம்பெனில (வீட்டுக்கடன் தவணையை வசூல் பண்ற கம்பெனி, சர்வீசர்னும் சொல்வாங்க) எஸ்க்ரோ டீம்ல (வீட்டு வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் தவணையோட மாசாமாசம் வாங்கி வெச்சுக் கட்டற கணக்குதான் எஸ்க்ரோ) 9 வருஷம் குப்பை கொட்டினவ நான், இப்போ வீட்டுக்கடன் சிக்கல்ல இருக்கறவங்களுக்கு கவுன்சிலிங் பண்றேன். வக்கீல் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஏல தேதி போட்டாச்சுன்னா உங்க ஸ்டேட் வக்கீலைத்தான் பாக்கணும்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்): அக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி பில்டர்கிட்ட புது வீடு வாங்கினோம், மாசம் 3000 டாலர் கட்டிட்டு இருந்தோம், திடீர்னு 4300 கட்டுன்னு லெட்டர். கணக்கு தப்புன்னு சொல்லி பழைய 3000த்தையே 4 மாசமா கட்டறேன். இப்போ டிஃபால்ட் (தவணை தவறிட்டீங்கன்னு) நோட்டீஸ் வந்திருக்கு. ஒரு மாசம்கூட தவறாம கட்டறவனுக்கு எப்படி டிஃபால்ட்?

பதில்: நான் பாத்த கேஸ்ல பாதி இதேதான் தம்பி. அசல், வட்டி, எஸ்க்ரோ மூணும் சேர்ந்தாத்தான் ஒரு பேமென்ட், அதுல ஒரு டாலர் குறைஞ்சாலும் அவங்க அதை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல (வரவு வைக்காம தனியா நிறுத்தற கணக்கு) போட்டு வைக்கலாம். முதல் மாசம் நீங்க போட்ட 3000 அங்க தூங்குச்சு, ரெண்டாவது மாசம் 6000 ஆச்சு, அதுல 4300 எடுத்து முதல் மாசத்துக்கு வரவு வெச்சாங்க, மூணாவது மாசம் மிச்சம் 1700ஓட 3000 சேர்ந்து ரெண்டாவது மாசக் கணக்கு முடிஞ்சுது. நாலு மாசத்துல 12,000 கட்டியிருக்கீங்க ஆனா அவங்க புக்ல ரெண்டு மாசம்தான் கட்டியிருக்கீங்க, 3400 சஸ்பென்ஸ்ல நிக்குது. இன்னும் 5200 டாலரும் லேட் ஃபீயும் போட்டா இன்னிக்கே கரண்ட் (பாக்கி இல்லாதவர்) ஆயிடுவீங்க. முதல்ல அதைப் பண்ணுங்க, சண்டை அப்புறம்.

4300 எப்படி வந்துதுன்னு பாப்போம். புது வீட்டுக்கு முதல் வருஷம் கவுன்ட்டி பெரும்பாலும் வெறும் மனைக்குத்தான் டாக்ஸ் போடும். உதாரணத்துக்கு டாக்ஸ் 2400, இன்சூரன்ஸ் 2400, ஆக மாசம் 400 எஸ்க்ரோ. அடுத்த வருஷம் வீட்டையும் சேர்த்து டாக்ஸ் 9600 ஆச்சுன்னா மொத்தம் 12,000, மாசம் 1000. போன வருஷம் விழுந்த துண்டு 7200, அதை 12 மாசத்துல பிரிச்சா 600. அதுக்கு மேல ரெண்டு மாச குஷன் (கையிருப்பு) வெச்சுக்க சட்டம் விடுது, அது 800லேர்ந்து 2000 ஆகறதால இன்னொரு 100. ஆக 400 இருந்த இடத்துல 1700. அயோக்கியத்தனம் மாதிரி தெரியும் ஆனா கணக்கு சரிதான், ஒரு வருஷம் கழிச்சு பெரும்பகுதி இறங்கிடும். வீடு விக்கறப்ப இதை யாரும் வாயே திறக்கறதில்லன்னு எனக்கும் கோவம்தான். துண்டு விழுந்ததை 24 மாசமாவோ 36 மாசமாவோ பிரிச்சுத் தருவீங்களான்னு கேளுங்க, கேட்டவங்களுக்கு நிறைய சர்வீசர் குடுத்திருக்காங்க.

அதே நபர்: போன்ல ஆறு தடவ பேசினேனே அக்கா, டிஸ்ப்யூட் பதிவாயிடுச்சுன்னு சொன்னாங்களே?

பதில்: போன்ல பேசினது காத்தோட போச்சு. நோட்டீஸ் ஆஃப் எரர்னு (கணக்குல தப்பு இருக்குன்னு சொல்ற லெட்டர்) எழுத்துல அனுப்பணும், அதுவும் பேமென்ட் அனுப்பற அட்ரஸுக்கு இல்ல, ஸ்டேட்மென்ட்ல டிஸ்ப்யூட்டுக்குன்னு தனியா ஒரு அட்ரஸ் போட்டிருப்பாங்க பாருங்க, அதுக்கு சர்டிஃபைடு மெயில்ல. கிடைச்ச 5 வேலை நாள்ல வந்துச்சுன்னு ஒத்துக்கணும், 30 வேலை நாள்ல பதில் சொல்லணும், எழுதிச் சொல்லிட்டு இன்னும் 15 வேலை நாள் எடுத்துக்கலாம். அந்தப் பேமென்ட் விஷயத்தை 60 நாளைக்கு கிரெடிட் பீரோவுக்கு பாதகமா ரிப்போர்ட் பண்ணக் கூடாது. இது ஃபெடரல் ரூல், 1974ல வந்த ரெஸ்பாங்கற வீட்டுக்கடன் நடைமுறைச் சட்டத்துக்குக் கீழ வர்றது, எல்லா ஸ்டேட்டுக்கும் உண்டு. ஆனா ஒண்ணு, லெட்டர் போட்டதால மாசப் பணம் நிக்காது, அதைக் கட்டிட்டேதான் சண்டை போடணும்.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): மேடம், எங்க லோனை வேற சர்வீசருக்கு வித்துட்டாங்க. நவம்பர் குவார்ட்டர் டாக்ஸை பழையவனும் கட்டல புதியவனும் கட்டல. டவுன்ஷிப் வட்டி போட்டு பில் அனுப்புது, ரெண்டு பேரும் அவனைக் கேளு இவனைக் கேளுங்கறாங்க.

பதில்: நீங்க 30 நாளுக்கு மேல பாக்கி வைக்காம இருந்தீங்கன்னா டாக்ஸை டைமுக்கு கட்டறது சர்வீசர் பொறுப்பு, எஸ்க்ரோல பணம் பத்தலைன்னாலும் அவங்க கைக்காசு போட்டுக் கட்டிட்டு அப்புறம் உங்ககிட்ட கேக்கணும். இப்போ லோன் யார் கைல இருக்கோ அவங்களுக்கு நோட்டீஸ் ஆஃப் எரர் போடுங்க, பெனால்ட்டியை நீங்களே ஏத்துக்கோங்கன்னு எழுதுங்க, டவுன்ஷிப் பில் காப்பி வைங்க. மாத்தின முதல் 60 நாள்ல நீங்க தவறிப்போய் பழையவங்களுக்கே டைமுக்கு பணம் அனுப்பியிருந்தாலும் லேட்டுன்னு சொல்ல முடியாது.

ஆனா நியூஜெர்சில இதை ஆறப்போடாதீங்க. பாக்கி 1500 டாலரைத் தாண்டின பகுதிக்கு 18% வரைக்கும் வட்டி போகும், அப்புறம் டவுன்ஷிப் அந்த பாக்கியை டாக்ஸ் சேல்ல இன்வெஸ்டருக்கு வித்துடும், அவன் ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு மேல கேஸ் போடலாம். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் ஒண்ணாம் தேதி தாண்டினதும் டவுன்ஷிப் சைட்ல கட்டியாச்சான்னு நீங்களே ஒரு எட்டு பாத்துடுங்க. பேங்க் பாத்துக்கும்னு விட்டவங்கதான் என்கிட்ட வர்றாங்க.

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா): வீடு வாங்கி 5 மாசத்துல சப்ளிமென்டல்னு ஒரு டாக்ஸ் பில், எஸ்க்ரோ இருக்கேன்னு தூக்கிப் போட்டுட்டேன்.

பதில்: தேடி எடுங்க! அது வீடு கைமாறினதும் புது மதிப்புக்கு வர்ற கூடுதல் வரி பில், வழக்கமா எஸ்க்ரோல போகாது, உங்க பேருக்குத்தான் வரும், நீங்கதான் கட்டணும்.

கேள்வி (ஆஸ்டின்): ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன் (குடியிருக்கற சொந்த வீட்டுக்கு வரிச் சலுகை) போடவே மறந்துட்டேன். பேசாம எஸ்க்ரோவையே கேன்சல் பண்ணிட்டு நானே கட்டிடட்டுமா?

பதில்: ரெண்டும் வேற வேற. டாக்ஸ் பாக்கியாகற தேதிலேர்ந்து ரெண்டு வருஷம் வரைக்கும் லேட்டா அப்ளை பண்ணலாம், ஃபீஸ் கிடையாது, காசு கேட்டு லெட்டர் போடற ஆளுங்களை நம்பாதீங்க. 2025லேர்ந்து ஸ்கூல் டாக்ஸுக்கு 1,40,000 டாலர் மதிப்பு கழியுது, சின்ன விஷயமில்ல. அப்ரூவ் ஆனதும் புது பில்லை சர்வீசருக்கு அனுப்பி எஸ்க்ரோவை திரும்ப அனலைஸ் பண்ணச் சொல்லுங்க, அவங்களா பண்ண மாட்டாங்க. வீட்டு மதிப்பே அதிகம்னு தோணினா மே 15க்குள்ள ப்ரொடெஸ்ட் போடுங்க, சர்வீசர் உங்களுக்காக கவுன்ட்டியோட சண்டைக்குப் போகாது. எஸ்க்ரோ கேன்சல்: எஃப்ஹெச்ஏ (ஃபெடரல் அரசு இன்சூர் பண்ற) லோன்ல முடியாது. மத்த லோன்ல கேட்டுப் பாக்கலாம், ஆனா ஜனவரில மொத்தமா 10,000 எடுத்து வைக்கற பழக்கம் இருக்கான்னு மனசாட்சியைக் கேட்டுக்கோங்க.

கேள்வி (ஹூஸ்டன் பக்கம்): அக்கா, எஸ்க்ரோ தகராறுல ஆரம்பிச்சு நடுவுல வேலையும் போயி 7 மாச பாக்கி. அடுத்த மாசம் முதல் செவ்வாய் ஏலம்னு நோட்டீஸ், 22 நாள்தான் இருக்கு. ஹெச்1பில இருக்கேன், விசா பயம் வேற. ஒருத்தர் போன் பண்ணி 3000 குடுத்தா வீட்டைக் காப்பாத்தறேன்னார்.

பதில்: அவருக்கு ஒரு காசு குடுக்காதீங்கப்பா, எந்தப் பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க. வேலையை முடிச்சுக் காட்டறதுக்கு முன்னாடி பணம் வாங்கறது ஃபெடரல் ரூல்படியே தப்பு. வீட்டுப் பத்திரத்தை எழுதிக் குடுன்னு அடுத்து வருவாங்க. ஹெச்யூடி (ஃபெடரல் வீட்டுவசதித் துறை) அப்ரூவ் பண்ண கவுன்சிலர் இலவசம், இன்னிக்கே கூப்பிடுங்க.

டெக்சாஸ்ல கோர்ட்டுக்குப் போகாமயே ஏலம் விடலாம், 21 நாள் நோட்டீஸ் போதும். மார்ட்கேஜ் ஏலம் முடிஞ்சா பணம் கட்டி வீட்டைத் திருப்பற உரிமையும் கிடையாது, அதனால எல்லாம் ஏலத்துக்கு முன்னாடிதான். ஏலத்துக்கு 37 நாளுக்கு மேல இருக்கறப்ப முழு லாஸ் மிட்டிகேஷன் அப்ளிகேஷன் (ஏலத்தைத் தவிர்க்க மாற்று ஏற்பாடு கேக்கற மனு) குடுத்திருந்தா ஏலத்தை நிறுத்தியே ஆகணும், உங்களுக்கு அந்த கெடு தாண்டிடுச்சு. இருந்தாலும் குடுங்க, சில பேர் தள்ளி வைக்கறாங்க. கூடவே இந்த வாரமே ஒரு பேங்க்ரப்ட்சி வக்கீலைப் பாருங்க. சாப்டர் 13 (கடனைத் தவணைல கட்டற திவால் மனு) ஃபைல் பண்ணா ஏலம் அங்கேயே நிக்கும், பாக்கியை 3லேர்ந்து 5 வருஷத்துல கட்டலாம், ஆனா அதுக்கு வருமானம் வேணும், அதை வக்கீல்கிட்ட மறைக்காதீங்க. வேலை கிடைக்க நாளாகும்னா, வீட்டு மதிப்பு கடனைவிட அதிகம்னா, நீங்களே வித்துடறதும் ஒரு வழி, ஏலத்துல போறதைவிட கைல ஏதாவது நிக்கும்.

விசா பத்தி: கடன் பாக்கி சிவில் விவகாரம், ஃபோர்க்ளோஷரால மட்டும் ஸ்டேட்டஸ் போகாது. வேலை போனா ஹெச்1பிக்கு இருக்கற 60 நாள் அவகாசக் கணக்கு வேற, அதுக்கு இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்க. ஏல நோட்டீஸ், எஸ்க்ரோ ஸ்டேட்மென்ட், பேமென்ட் ஹிஸ்டரி மூணையும் இன்னிக்கு ராத்திரியே ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, வக்கீல் முதல்ல அதைத்தான் கேப்பார்.